மானிப்பாயில் தமிழ் உடலியல்
1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடியே உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரச வேலை தேடி ஊரைவிட்டுப் போயினர். கிராமத்தாருக்கு வைத்தியர் வேண்டும் என்ற அக்கறையே 1864 அளவில் அவரைத் தமிழ்வழிக் கல்விக்குத் திருப்பியது. அக்காலத்தில் அது பெருந்துணிவு.

1873இல் தாயகம் திரும்பிய பின்னும் நூற்பணியை அவர் விடவில்லை. டால்டனின் உடலியல் நூல் 1883இல் ‘மனுஷ சுகரணம்’ எனத் தமிழில் வெளியானது. மூலநூல் செரிமானம், சுவாசத்தோடு உடற்சூட்டையும் ஆராய்கிறது.

அச்சூட்டில் பழுப்புக் கொழுப்புக்கும் பங்குண்டு. அதன் கலங்களில் செறிந்த இழைமணிகள் கொழுப்பை எரித்து நேரே வெப்பமாக்குகின்றன. பச்சிளங்குழந்தைகளைக் குளிரிலிருந்து காக்கும் இக்கொழுப்பு, வளர்ந்தவர்களிடமும் இயங்குவதை 2009இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின.