மண் சுமந்த நோயாளிகள்

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஃப்ரிம்லி என்றொரு ஊர். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனை அங்கே நடத்திய காசநோய் சானடோரியத்துக்கு 1905-க்குப் பிறகு யாராவது புதிதாகப் போயிருந்தால், தவறான வாசலுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தயங்கியிருப்பார்கள். நுரையீரல் அரித்துப்போனவர்கள் என்று அனுப்பப்பட்ட ஆட்கள் கூடையில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். சிலர் கையில் மண்வாரி. இன்னும் சிலர் பிக்காசு ஓங்கித் தரையைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

இது தண்டனை அல்ல, மருந்து. எழுதிக் கொடுத்தவர் சானடோரியத்தின் தலைமை மருத்துவர் மார்கஸ் பேட்டர்சன். முதலில் நடை மட்டும், நாளுக்கு அரை மைல். அது ஒத்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 மைல் வரை. அவ்வளவு நடந்தும் காய்ச்சல் வரவில்லை, எடை குறையவில்லை என்றால் கையில் கூடை ஏறும். அடுத்து சிறிய மண்வாரி, பிறகு பெரியது, கடைசியில் பிக்காசு. அதுவும் நாளுக்கு 6 மணி நேரம் வரை. உடல் வெப்பம் சற்று ஏறினாலோ, பசி மந்தித்தாலோ ஆள் நேரே படுக்கைக்குப் போக வேண்டும். புராணக் கதையில் பிட்டுக்கு மண் சுமக்க வந்த மதுரைக் கூலியாள் ஆடிப்பாடித் தூங்கியதற்காகப் பிரம்படி வாங்கினார். ஃப்ரிம்லியில் நேர் எதிர். சொன்னதைவிட ஒரு கூடை அதிகம் சுமப்பதுதான் குற்றம்.

பேட்டர்சனுக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் அவரிடம் வந்த நோயாளிகள். பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். மாதக்கணக்கில் படுத்தும் சாப்பிட்டும் எடை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். வேலைக்குப் போன சில நாட்களில் உடம்பு தாங்காது. உழைக்கவே வேண்டியவனை உழைப்புக்குப் பழக்காமல் அனுப்புவது என்ன வைத்தியம்? இதற்கு அவர் ஒரு கொள்கையும் வைத்திருந்தார். அளவான உழைப்பினால் நுரையீரலிலிருந்து கிருமியின் நஞ்சு சிறிதளவு ரத்தத்தில் கலக்கிறது, அதுவே தடுப்பூசிபோல் உடலை எதிர்ப்புக்குத் தயார் செய்கிறது என்றார். அந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்த ஆல்ம்ரோத் ரைட்டின் ஆய்வுகள் அதற்கு அடிப்படை. 1911-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். கொள்கை தவறு, மண் சுமந்து காசநோய் குணமாகாது. ஆனால் உடற்பயிற்சியையும் மாத்திரைபோல அளந்து, ஒத்துக்கொண்டால் கூட்டி, ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைத்துக் கொடுக்கலாம் என்ற வழக்கம் அவரோடு போய்விடவில்லை.

நுரையீரல் நோயாளியை நடக்கவிடுவதா, படுக்கவைப்பதா என்ற வழக்கு பேட்டர்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1850-களில் சைலீசியாவின் மலைக் கிராமமான கோர்பர்ஸ்டார்ஃபில் ஹெர்மன் பிரெமர் ஒரு நிலையம் தொடங்கினார். அந்த ஊர் இப்போது போலந்தில் சொக்கொவோவ்ஸ்கோ என்ற பெயரில் இருக்கிறது. இதயம் சிறுத்திருப்பவர்களுக்கே காசநோய் வருகிறது, மலையேறினால் இதயம் வலுப்படும் என்பது பிரெமரின் நம்பிக்கை. அதனால் ஏற்றப் பாதைகள் போட்டார், வழியில் உட்கார பெஞ்சுகள் வைத்தார். அவரிடம் நோயாளியாக வந்து, பிறகு உதவியாளராகவும் இருந்தவர் பீட்டர் டெட்வைலர். குருவின் பாதையில் அவர் நடக்கவில்லை, படுத்துவிட்டார். 1876-இல் ஃபால்கன்ஸ்டைனில் தொடங்கிய தன் நிலையத்தில் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, திறந்த தாழ்வாரத்தில் போர்வைக்குள் மணிக்கணக்கில் அசையாமல் படுப்பதையே சிகிச்சையாக்கினார்.

ஐரோப்பாவில் டெட்வைலர் கட்சிதான் ஜெயித்தது. தாவோஸ் மலையைக் களமாக வைத்து தாமஸ் மான் எழுதி 1924-இல் வெளியான நாவலின் பாத்திரங்கள் படுத்துக் கிடப்பதும் இந்த மாதிரி நாற்காலிகளில்தான். போகப்போக நோயாளி ஓய்ந்தால் போதாது, நுரையீரலே ஓய வேண்டும் என்று முடிவாயிற்று. இத்தாலியின் கார்லோ ஃபோர்லனினி 1882-இல் முன்மொழிந்த வழியில், விலா இடுக்கில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்கவைத்தார்கள். அதுவும் போதாதென்று விலா எலும்புகளையே வெட்டி எடுத்து மார்பை அமுக்கினார்கள்.

சானடோரியம் நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் மிஷனரிகள் ஒன்றைத் திறந்தார்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தி ஊர் திரும்பிய டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒன்றைத் தொடங்கினார்; 1937-இல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் மின்சார ரயிலில் அந்த நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்தான்.

படுக்கையின் மீதிருந்த நம்பிக்கையை ஆட்டம் காணவைத்த ஆய்வு நடந்ததும் சென்னையில்தான். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோநயசிட் என்ற காசநோய் மருந்துகள் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் இந்தியாவின் நோயாளிகளுக்குப் போதுமான கட்டில்கள் எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மீதிப் பேரை வீட்டிலேயே விட்டார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றேதான். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு. ஓய்வும் கிடையாது, நடமாடினார்கள், வேலையும் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. 1959-இல் வெளியான அந்த அறிக்கைக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மருந்து இருந்தால் படுக்கை வேண்டாம் என்பது அறிக்கையின் செய்தி. ஓய்வும் பெரிதாகத் தேவையில்லை என்று அது போகிறபோக்கில் சொன்னதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஏனென்றால் அதே ஆண்டுகளில் வேறொரு நுரையீரல் நோய்க்கு டெட்வைலரின் வைத்தியமே தொடர்ந்தது. சிகரெட்டும் தூசியும் அடுப்புப் புகையும் பல வருடங்களாகச் சேர்த்துவைக்கும் நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் அது; இன்று டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். மூச்சு வாங்கும் வேலை எதையும் செய்யாதீர்கள் என்பதே அறிவுரை. நோயாளியும் மாடி ஏறுவதை நிறுத்துவார், பிறகு கடைக்குப் போவதை, பிறகு தெருவில் இறங்குவதை. பயன்படாத கால் தசை கரையும். கரைந்த தசை சின்ன வேலைக்கே திணறும், அமிலம் சுரக்கும், அதைச் சமாளிக்க மூச்சு இன்னும் வேகமாக ஓடும். அடைப்புள்ள நுரையீரலில் வேக மூச்சு முழுதாக வெளியேறாது. உள்ளே காற்று தேங்க, மூச்சு முட்டும். அவர் இன்னும் கொஞ்சம் உட்காருவார். நல்லெண்ணத்தில் சொன்ன அறிவுரை ஆளை வீட்டுக்குள் முடக்கியது.

நியூயார்க்கில் ஆல்வன் பராக் 1952-இல் வேறு மாதிரிப் பேசினார். இந்த நோயின் ஒரு வகையான எம்ஃபிசிமா உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்து நடக்கவைத்தார். நாளாக ஆக ஆக்சிஜன் இல்லாமலேயே மூச்சு வாங்காமல் நடந்தார்கள். விளையாட்டு வீரனின் உடம்பு பயிற்சியால் பழகுவதுபோல் இவர்களுடையதும் பழகியிருக்கலாம் என்று எழுதினார். பத்தாண்டுக்கும் மேலாக அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964-இல் ஆலன் பியர்ஸ் குழுவினர் சில நோயாளிகளை ட்ரெட்மில்லில் பழக்கிப் பார்த்தபோது, அதே வேலைக்கு இதயத் துடிப்பும் மூச்சும் குறைந்திருந்தன. நுரையீரல் அளவுகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. டென்வரில் தாமஸ் பெட்டி தோளில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜனோடு நோயாளிகளை நடக்கவைத்தார். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், காற்றே மெல்லியதாக இருக்கும் இடத்தில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி, நடை, மருந்து, குடும்பத்தாருக்கான பாடம் என எல்லாவற்றையும் சேர்த்த அவருடைய திட்டத்தின் முடிவுகள், 182 நோயாளிகளோடு, 1969-இல் வெளியாயின.

சந்தேகப்பட்டவர்களின் கேள்வி நியாயமானது. ஊதும் கருவியில் எண் மாறவே இல்லையே, அப்படியானால் எது தேறியது? அதை அளக்க வேறொரு கோல் வேண்டியிருந்தது. அமெரிக்க விமானப்படைக்காக கென்னத் கூப்பர் வகுத்த 12 நிமிட ஓட்டத்தை மெக்கவின் என்ற பிரிட்டன் மருத்துவரும் சகாக்களும் 1976-இல் 12 நிமிட நடையாக மாற்றினார்கள். இருமிக்கொண்டிருக்கும் ஆளுக்கு 12 நிமிடம் ரொம்பவே நீளம். 1982-இல் இரண்டு, ஆறு, பன்னிரண்டு என மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆறே போதும் என்றார்கள். கண்டிப்பான விதிகள் 2002-இல் எழுத்தில் வந்தன: 30 மீட்டர் சமதள நடைக்கூடம், நோயாளி நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் மட்டும் நிற்காது, பரிசோதகர் நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட வாக்கியங்களை மட்டுமே, அதே குரலில் சொல்ல வேண்டும். உற்சாகமாகக் கைதட்டினாலே தூரம் கூடிவிடும் என்பதால் பாராட்டுக்கும் ரேஷன் உண்டு. மருத்துவத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு கறாரான கருவி வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

விடை தொடையில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காசபூரியின் குழு 1991-இல், கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அதே வேலையில் ரத்தத்தில் அமிலம் குறைவாகச் சுரப்பதைக் காட்டியது. க்யூபெக்கில் ஃபிரான்சுவா மால்டே 1996-இல் தொடைத் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பிறகு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் கூடியிருந்தன. நுரையீரல் மாறவில்லை, அதனிடம் கால்கள் கேட்பது குறைந்திருந்தது. 2015-இல் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்து, பயிற்சி பலன் தருகிறது என்றது. பயிற்சி தருவதையும் வழக்கமான கவனிப்பையும் ஒப்பிட இனிமேல் புது ஆய்வு தேவையில்லை என்று கூடவே ஒரு தலையங்கமும் வந்தது. மருத்துவ இலக்கியத்தில் வழக்கை முடித்துவைக்கும் இப்படிப்பட்ட தீர்ப்பு அபூர்வம்.

காசநோய் மட்டும் இன்னும் வெளியில் நின்றது. மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று சான்று வாங்கியவர்களில் பலருக்கு நுரையீரலில் தழும்பும் குழியும் மிஞ்சுகின்றன. காசநோய்த் திட்டத்தின் கணக்கில் இவர்கள் குணமானவர்கள்; புகைப்பிடிப்பவர்களை எதிர்பார்க்கும் மூச்சு மருத்துவருக்கோ இவர்கள் புரியாத ஆட்கள். இவர்களைப் பற்றிய முதல் சர்வதேசக் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் நடந்ததே 2019-இல்தான். 2021-இல் வெளியான சர்வதேச மருத்துவத் தரநிலைகள், காசநோய் சிகிச்சை முடியும்போதே ஒவ்வொருவருடைய நுரையீரலையும் மதிப்பிட வேண்டும், தேவைப்படுவோருக்கு அளந்த பயிற்சி தர வேண்டும் என்கின்றன. அவை சொல்லும் பரிசோதனைகளில் ஆறு நிமிட நடையும் ஒன்று.