தோட்டத் தமிழரும் மருந்தும்

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையை அடுத்துள்ள பத்து பாகாட் என்னும் ஊரின் பெயருக்கு, உளியால் செதுக்கிய பாறை என்பது பொருள். மலாய் மொழியில் பத்து என்பது கல். பாகாட் என்பது உளி. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்னும் இரண்டு ஆறுகள் கூடிக் கடலை நோக்கிச் செல்லும் இவ்வட்டாரத்தில், சாவகர் வெட்டிய வாய்க்கால்களும், சீனர்தம் கடைத்தெருக்களும், தமிழர் பால்மரம் சீவிய தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்தன. ஆதலின், இங்கு நோயுற்றவர்க்கு வழி ஒன்றன்று, பல. சாவகர் ‘ஜாமு’ அரைப்பர், சீனர் ‘சின்சே’யிடம் நாடி காட்டுவர், தமிழர் சுக்கும் ஓமமும் இட்டுக் கஷாயம் காய்ச்சுவர். அரசாங்க மருத்துவமனையும் அருகிலேயே உண்டு.

இம்மருந்துகள் ஒன்றுக்கொன்று அயலானவை என்று கருதுதல் தவறு. நாம் நிலவேம்பு என்று வழங்கும் கசப்புச் செடியை மலாய்க்காரர் ‘ஹெம்பெடு பூமி’ என்பர். சாவகர் ‘சம்பிலோட்டோ’ என்பர். சீனர் ‘சுவான் சின் லியான்’ என்பர். செடி ஒன்று, பெயர் நான்கு. நமது கீழாநெல்லியே மலாய்க் கம்பத்தில் ‘டுக்கோங் ஆனாக்’ ஆகிறது. இலையின் அடியில் காய்களைத் தாங்கி நிற்கும் தோற்றத்தால், பிள்ளையைச் சுமக்கும் செடி என்று அதற்குப் பெயரிட்டனர்.

எனினும், ‘மூலிகையா, ஆங்கில மருந்தா?’ என்னும் வழக்கு நம் இல்லங்களில் இன்றும் ஓயவில்லை. மாத்திரை யாவும் நஞ்சு என்பார் ஒருசாரார். மூலிகை யாவும் மூடநம்பிக்கை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பிழை என்பதை மலாயாத் தமிழர்தம் வரலாறே காட்டுகிறது. அதனை ஈண்டு நோக்குவோம்.

அச்சத்தின் வேர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலம், தமிழ்த் தொழிலாளர்க்குச் சாவின் காலமாகவும் இருந்தது. 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேரியாவே பெருங்கொல்லியாக நின்றது. மலைச்சரிவில் நிழல் தந்த மரங்களை வெட்டியபோது ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த ஓடையிலேயே நோய் பரப்பும் கொசுவினம் ஒன்று பெருகிற்று. நோயைப் பெருக்கியது காட்டு மரங்களை வெட்டிய செயலே எனலாம்.

காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்க்குக் கொயினா வழங்கப்பட்டது. அதன் கசப்பும், காதில் எழுப்பும் இரைச்சலும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. தோட்ட மருத்துவமனையோ துரையின் உடைமை. அங்கே நாளும் இருந்தவர் டிரஸர். மருத்துவர் எப்போதாவது வந்து போவார். படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே, முற்றிய நிலையிலேயே நோயாளி தூக்கிச் செல்லப்பட்டான். சென்றவன் பலகாலும் திரும்பவில்லை. ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணம்தான்’ என்னும் பேச்சு பட்டறிவிலிருந்து பிறந்தது; வெறும் அறியாமையிலிருந்து அன்று. லயத்துக் கொல்லையில் வேப்பமரமும் துளசியும் வளர்த்த மூதாட்டியின் கை, அந்த மருத்துவமனைக் கட்டிலைவிட அன்புடையதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும், உண்மையின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1901ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசு ஒழித்தார். அந்நகரில் மலேரியா வீழ்ந்தது. பின்னர்த் தோட்டந்தோறும் வடிகால் வெட்டியும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் இறப்பைக் குறைத்தனர். அவ்வடிகால்களை வெட்டியவரும் எண்ணெய் தெளித்தவரும் பெரும்பாலும் நம்மவரே. தமிழரைக் காத்த மருத்துவத்தில் தமிழர்தம் உழைப்பும் கலந்துள்ளது.

புழுங்கல் அரிசியின் சான்று

அதே காலத்தில், நம்மவர்தம் வழக்கமொன்று மருத்துவ உலகிற்கே பாடம் புகட்டியது. பெரிபெரி என்னும் நோய் சீனத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்திற்று. கால்கள் மரத்து வீங்கும். முடிவில் நெஞ்சு தளரும். ஆனால், அவர்க்கு அருகிலேயே வாழ்ந்த தமிழரை அந்நோய் பெரிதும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராட்டன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கண்டு, 1907ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். சாலை போட வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் அளித்தனர். வெள்ளை அரிசி உண்டவரிடமே பெரிபெரி தோன்றிற்று. அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. அச்சத்தையே பின்னாளில் வைட்டமின் பி1 என்றனர்.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முன்னோர் வழக்கத்தில் அறிவு உறைந்திருக்கலாம் என்பது ஒன்று. சோதித்த பின்னரே அவ்வறிவு பிறர்க்கும் பயன்பட்டது என்பது மற்றொன்று. நெல் அவித்த நம் பெண்டிர்க்குக் காரணம் தெரியாது. காரணம் தேடிய பிராட்டனோ, கெட்டுப்போன அரிசியிலுள்ள நஞ்சே நோய் தருவது என்று தவறாகக் கருதினார். வழக்கமும் ஆய்வும் சந்தித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

மருந்து அற்றுப்போன நாள்கள்

1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பத்து பாகாட் சப்பானியர் வசமாயிற்று. மார்ச்சுத் திங்களில் சாவகத் தீவும் வீழ்ந்தது. அன்று உலகின் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு அத்தீவின் சின்கோனா மரங்களிலிருந்தே கிடைத்தது. மருந்து படைக்கே போயிற்று, குடிமக்களுக்கு அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. கசப்பிலையும் வேரும் மருந்தாயின. வடிகால் காக்கும் பணி குன்றியதால் மலேரியா மீண்டும் தலைதூக்கிற்று. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் மாண்டனர். மூலிகை அறிந்தவர் அவர்களிடையே இல்லாமலா போயினர்? ஆயினும், தூய நீரும் உணவும் தகுந்த மருந்தும் இல்லாத இடத்தில் அவ்வறிவு மட்டும் உயிரைக் காக்கவில்லை.

ஈண்டு ஒன்றை நினைத்தல் வேண்டும். பெரட்டில் நம்மவர் வெறுத்த அந்தக் கொயினாவும் ஒரு மரப்பட்டையே. தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சின்கோனாப் பட்டையிலிருந்து 1820ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் இருவர் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். 1970களில் சீன அறிஞர் தூ யூயூ, பழஞ்சீன மருத்துவ நூலொன்றைப் படித்து, மற்றொரு மூலிகையிலிருந்து ஆர்டிமிசினினைக் கண்டறியும் பணியை முன்னின்று நடத்தினார்; 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். கொதிக்க வைத்தால் பயன் அழிகிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்ததே அவர் வெற்றி. நீரிழிவுக்கு நாம் விழுங்கும் மெட்பார்மினின் மூலமும் ஒரு செடியே. எனவே, இலைக்கும் மாத்திரைக்கும் இடையில் இயற்கையான பகை ஏதும் இல்லை. சோதிக்கப்பட்டது, சோதிக்கப்படாதது என்பதே உண்மையான வேறுபாடு.

கீழாநெல்லியின் தீர்ப்பு

சோதனை எப்போதும் நாம் விரும்பும் விடையைத் தருவதில்லை. 1988ஆம் ஆண்டு சென்னை அறிஞர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்க்குக் கீழாநெல்லி அளித்து, அறுபது விழுக்காட்டை நெருங்கியோரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதினர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிறர் செய்த பிந்திய சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மலேசியா 1989ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளுக்கு அந்நோய்த் தடுப்பூசி இடத் தொடங்கியது. காத்து நின்றது அதுவே.

மஞ்சட்காமாலை என்பது ஒரே நோயன்று. சிலவகை தாமே தணியும். அப்போது உண்ட மருந்துக்குப் புகழ் சேர்கிறது. எலிச் சிறுநீரால் பரவும் நோயிலும் கண் மஞ்சளாகும். அதனைக் காலத்தே மருந்திட்டுத் தடுக்காவிடின் சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். டெங்கியும் அவ்வாறே. நிலவேம்பு அதனைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் நிலைபெறவில்லை. ஆகவே, மூலிகையால் நேரும் கேடு பெரும்பாலும் மூலிகையில் இல்லை. அதனை நம்பி இழக்கும் நாள்களில் உள்ளது. இனிப்புநீர் உடையார் பாகற்சாற்றை நம்பி ஊசியை விடுவதும், பின்னர்க் காலை இழப்பதும் இத்தகைய இழப்பே.

நாம் கொள்ளவேண்டிய நெறி

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணவின் அளவிலே தொடங்குகிறது. நோயையும் அதன் காரணத்தையும் முதலில் அறியச் சொல்கிறது. எந்த மருந்துக்கும் அது தனிப்பெயர் சூட்டவில்லை. இந்நெறியை இன்றைய சட்டமும் ஒருவாறு தழுவுகிறது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டு முதல் மரபு மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவெண்ணின் இறுதியில் ‘டி’ என்னும் எழுத்து அதனைக் காட்டும். 2016ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டம் சித்த மருத்துவம் உள்ளிட்ட இந்திய மரபு மருத்துவத்தையும் ஏற்று ஒழுங்குபடுத்துகிறது. ஆயினும், பதிவு என்பது பாதுகாப்புக்கும் தரத்திற்கும் பொறுப்பேற்பதாகுமே ஒழிய, நோய் தீரும் என்னும் உறுதிமொழி அன்று. பதிவற்ற ஜாமுவிலும் சூரணத்திலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்த இந்நாளில், பாட்டிமார் அறிந்த மருந்துகளைப் பெயரோடும் அளவோடும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதும்போது, குணமாயிற்று என்பதோடு குணமாகாததையும் எழுதுதல் வேண்டும். அப்போதுதான் அது வரலாறாகும். தலைவலிக்குச் சுக்குப் பற்று இடுக. இருமலுக்குத் துளசிச் சாறு பருகுக. மூன்று நாள் தணியாத காய்ச்சலுக்கும், மஞ்சளான கண்ணுக்கும், மூச்சுத் திணறலுக்கும் மருத்துவமனைக் கதவைத் தட்டுக. உண்ட மூலிகையை மருத்துவரிடம் மறையாது சொல்லுக. அன்று அக்கதவு நமக்கு அச்சம் தந்தது, காரணம் இருந்தது. இன்று அது துரையின் கதவு அன்று. நம் வரிப்பணத்தால் நிற்கும் கதவு. பழைய அச்சத்திற்காகப் புதிய உயிரை இழத்தல் ஆகாது.