டயருக்கு பாலிஷ் போடுறீங்களா? அதுக்கு முன்னாடி இந்த 4 இலக்க எண்ணைப் பாருங்க!

கார் வாட்டர் வாஷ் முடிஞ்சதும் கடைசியா ஒரு வேலை நடக்கும். ஸ்பாஞ்சில் கொஞ்சம் டயர் பாலிஷைத் தொட்டு, நாலு டயரிலும் ஒரு சுத்து. அவ்வளவுதான். ஆறு வருஷம் ஓடிய டயர்கூட நேத்துதான் ஷோரூமில் இருந்து வந்தது மாதிரி பளபளன்னு நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் டயர் புதுசாகவில்லை, புதுசு மாதிரி தெரிகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போனால்தான் சிக்கல்.

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில் கார் வைத்திருப்பவர்களுக்கு டயர் அழுக்கு புதுசு இல்லை. ஒரு பக்கம் சென்னை - திருப்பதி நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் சாலை. லாரி, டிப்பர், கம்பெனி பஸ், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் வேன் என்று நாள் முழுக்க ஓட்டம். வெயில் காலத்தில் புழுதி, ஐப்பசி மழையில் சேறு. கழுவிய காரை ரெண்டே நாளில் பார்த்தால் சக்கரம் மட்டும் பழைய கோலத்துக்குப் போயிருக்கும்.

இத்தனைக்கும் டயருக்கும் இந்த மாவட்டத்துக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் இந்தியாவில் உருவானது திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் நிறுவனம் லாரி, பஸ்களுக்கான ரேடியல் டயர் தயாரிக்கிறது. டயருக்குக் கறுப்பு நிறம் தருகிற 'கார்பன் பிளாக்' கரித்தூளைத் தயாரிக்கும் பிர்லா கார்பன் ஆலையும் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

ஆமாம், ரப்பரின் இயற்கையான நிறம் கறுப்பு இல்லை. ஆரம்பகால டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1898-ல் வந்த மிஷெலின் பொம்மை மனிதன் இன்றைக்கும் வெள்ளையாக இருப்பது அதனால்தான். கரித்தூள் சேர்த்தால் டயர் பல மடங்கு உழைக்கிறது என்று தெரிந்த பிறகு, 1910-களில் இருந்து டயர் கறுப்பாக மாறத் தொடங்கியது. இன்றைய கார் டயரின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கரித்தூள்தான்.

அப்போ ஏன் பழுப்பாகிறது?

நன்றாகக் கழுவிய பிறகும் டயரின் பக்கவாட்டில் ஒரு செம்பழுப்பு நிறம் தெரியும். பலரும் இதை மண் என்று நினைத்து பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். அது மண் மட்டும் இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுக்க டயர் தயாரிக்கும்போதே மெழுகும், ஓசோன் எதிர்ப்பு ரசாயனமும் ரப்பருக்குள் கலக்கப்படுகின்றன. வண்டி ஓட ஓட டயர் வளைந்து நெளியும்போது இவை மெல்ல மேலே வந்து படியும். காற்று பட்டதும் அந்த ரசாயனம் பழுப்பாகிவிடும். அதாவது, டயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதற்கான அடையாளம் அது!

ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்காது. மாதக்கணக்கில் வாசலில் வெயிலில் நிறுத்திவைத்த காரின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுப்பைப் போக்க மண்ணெண்ணெய், டீசல், பழைய இன்ஜின் ஆயில் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தடவினால் உடனே கறுப்பாகும், உண்மைதான். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும், பாதுகாப்பு மெழுகையும் கரைத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ரிம்மில் ஒட்டிய கறுப்புத் தூள்

முன் சக்கர ரிம் மட்டும் சீக்கிரம் கறுத்துப்போவதைக் கவனித்திருக்கலாம். பிரேக் அடிக்கும்போது முன் சக்கரங்களில்தான் அதிக பாரம் விழும். அப்போது பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்து இரும்புத் துகள் பறக்கும். சூட்டோடு ரிம்மில் போய் ஒட்டி, ஈரம் பட்டால் துருப்பிடித்து கெட்டியாகிவிடும். வாரம் ஒருமுறை கழுவினால் சாதாரண கார் ஷாம்புவிலேயே போய்விடுகிற இந்தத் தூள், மூன்று மாதம் விட்டால் எதற்கும் மசியாது.

அப்போதுதான் சிலர் பாத்ரூம் ஆசிட்டைத் தேடுவார்கள். அலாய் வீலுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை, மேலே மெல்லிய கிளியர் கோட் பூச்சு. ஆசிட் அந்தப் பூச்சை அரித்து அலுமினியத்தையும் பதம் பார்த்துவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் வெள்ளைத் திட்டு போகாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கூடாது. பழைய தூள் விடாப்பிடியாக இருந்தால், அமிலம் இல்லாத 'அயர்ன் ரிமூவர்' கடைகளில் கிடைக்கிறது. அடித்ததும் இரும்புத் துகளோடு சேர்ந்து ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் சகிக்காது, ஆனால் வேலை செய்யும்.

எப்படிக் கழுவுவது?

ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் அடிக்கக் கூடாது. சக்கரம் ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீரில் மண்ணைக் கரைத்துவிட்டு, ஷாம்பு தண்ணீர் தொட்டு ரிம்முக்கு மென்மையான பிரஷ், டயருக்குக் கொஞ்சம் கடினமான பிரஷ். பாடிக்கு வைத்திருக்கும் துணியை சக்கரத்துக்கு எடுக்காதீர்கள், அதில் ஏறும் மணல் பெயின்டைக் கீறிவிடும். பிரஷர் வாஷர் என்றால் ஒரு அடி தள்ளிப் பிடிப்பது நல்லது. போர் தண்ணீராக இருந்தால் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உப்புக் கறை வெள்ளையாகத் தங்கிவிடும். கழுவி முடித்து வண்டியை எடுத்ததும் மெதுவாகப் போகும்போதே இரண்டு மூன்று முறை பிரேக்கை லேசாக அழுத்துங்கள். நனைந்த டிஸ்க் முதல் மிதிப்பில் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

பாலிஷ் போட்டே ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் கரையும் வகையை வாங்குங்கள். டயர் முழுசாகக் காய்ந்த பிறகு பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைக்க வேண்டும். ரோட்டில் படுகிற பட்டன் பகுதியிலும், பிரேக் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூட படக் கூடாது. பைக் டயருக்கு பாலிஷே வேண்டாம். வளைவில் பைக் சாயும்போது டயரின் ஓரம்தான் ரோட்டில் படும். அங்கே வழுக்கினால் ஆள் கீழே.

சரி, அந்த 4 எண்?

டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசி 4 இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரம். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். 5 வருஷம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் மெக்கானிக்கிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தாலும் தயாரித்து 10 வருஷம் ஆன டயரை மாற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் போன்ற நிறுவனங்களின் பரிந்துரை. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது கார்களுக்கான சட்ட விதி. இதற்கு அளவுகோல் தேவையில்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும் இடத்தில் நாலு டயரும் மினுமினுத்தால் அதிலேயே மயங்கிவிடாதீர்கள். ஈரத் துணியால் பாலிஷைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளங்களின் அடியிலும் பாருங்கள். எங்காவது கொப்புளம் மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, புது டயர்தான். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் காருக்கு விலை பேச வேண்டும்.