அடிக்கப்படாத குறிப்பு



பல ஆண்டுகளுக்கு முன் என் பௌதிக வகுப்பில் ஊசற் சோதனை நடந்தது. ஒரு மாணவன் கொணர்ந்த விடை மற்றவர் விடைகளோடு பொருந்தவில்லை. “ஐயா, மும்முறை எண்ணினேன்; இதுவேதான் வருகிறது” என்றான். நான் செவிசாய்க்காமல் சிவப்பு மையால் அதனை அடித்தேன். அவன் கையாண்ட கடிகாரம் பிழையாக ஓடுவது மறு ஆண்டுதான் தெரிந்தது. அவன் எண்ணியது சரியே. பழுது கருவியில் இருந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். காமாக் கதிர்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அச்சிவப்புக் கோடு என் நினைவுக்கு வருகிறது. காரணத்தைக் கூறுகிறேன்.

1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பால் வில்லார் என்னும் அறிஞர் ரேடியத்தின் கதிர்களை ஆராய்ந்தார். காந்தம் சில கதிர்களை வளைத்தது. ஒரு கதிர் மட்டும் வளையாமல் நேரே சென்று, ஈயத் தகட்டையும் ஊடுருவி, ஒளிப்படத் தகட்டில் தடம் பதித்தது. வில்லார் அதற்குப் பெயரிடவில்லை. 1903-இல் ரதர்போர்டு அதனைக் ‘காமா’ என்றழைத்தார். அது மின்னூட்டமற்றது, ஒளியின் இனத்தைச் சேர்ந்தது, அலைநீளம் மிகக் குறுகியது என்பது 1914-இல் ரதர்போர்டும் ஆண்டிரேடும் படிகங்களைக் கொண்டு நடத்திய சோதனையால் உறுதியாயிற்று.

விண்ணிலிருந்தும் இக்கதிர்கள் வருகின்றன. ஆயினும் வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், நேரே காண வேண்டுமாயின் கருவியை மேலே அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்பிய கருவிகளுள் சில வேறொரு நோக்கம் கொண்டவை. 1963-இல் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் காற்றிலும் கடலடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டன. மறைவாக எவரேனும் அதனை மீறினால் கண்டுபிடிப்பதற்கென அமெரிக்கா ‘வேலா’ என்னும் செயற்கைக் கோள்களை இரண்டிரண்டாக ஏவியது. குண்டு வெடித்தால் காமாக் கதிர் வெளிப்படுமன்றோ? ஐயத்தினால் அமைத்த காவல் அது.

1967 ஜூலை 2-ஆம் நாள் அக்கோள்கள் ஒரு காமா ஒளிவீச்சைப் பதிவு செய்தன. குண்டு வெடிப்பின் காமா வீச்சு கண்ணிமைப்பதற்குள் அடங்குவது. இதுவோ கூரியதொரு முகடாக எழுந்து தணிந்து, மீண்டும் எழுந்து, சில விநாடிகள் நீடித்தது. குண்டன்று என்பது தெளிவு. காவற்பணிக்குப் பயனில்லை என்று அதனை நீக்கியிருக்கலாம். லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தார் நீக்கவில்லை. ரே கிளெபெசடலும் ராய் ஓல்சனும் 1969-இல் பழைய பதிவுகளை ஒப்பிட்டபோது அது வெளிப்பட்டது.

அப்போதும் அவர்கள் அவசரப்படவில்லை. நேரத்தை நுட்பமாகக் குறிக்கும் புதிய வேலாக் கோள்கள் ஏவப்பட்டன. ஒரே ஒளிவீச்சு ஒரு கோளை முன்னும் மற்றொன்றைப் பின்னும் அடைகிறது. அச்சிறு கால வேறுபாட்டைக் கொண்டு அது வந்த திசையைக் கணிக்கலாம். அவ்வாறு கணித்ததில், அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று கண்டனர். இயன் ஸ்ட்ராங்கும் சேர்ந்து மூவரும் 1973-இல் பதினாறு வெடிப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர்.

அவை எங்கிருந்து வந்தன? இருபதாண்டுக்கு மேல் வாதம் நீண்டது. 1991-இல் ஏவிய காம்ப்டன் வானாய்வுக் கோள் ஒன்பது ஆண்டுகளில் 2,700-க்கு மேற்பட்ட வெடிப்புகளைக் கண்டது. அவை வானெங்கும் ஒரு சீராகப் பரவியிருந்தன. நம் விண்மீன் மண்டலத்தைச் சார்ந்தவையாயின் பால்வீதியின் ஓரமாகத் திரண்டிருக்க வேண்டுமே! 1997-இல் ஒரு வெடிப்பின் தொலைவை அளக்க முடிந்தது. அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாற்பட்டது. பெரும் விண்மீன்கள் தம் எடையால் தாமே உள்நோக்கிச் சரியும்போது நீண்ட வெடிப்புகள் தோன்றுகின்றன. 2017 ஆகஸ்டு 17 அன்று, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலை நம்மை எட்டியது; 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிரும் வந்து சேர்ந்தது. குறுகிய வெடிப்பின் பிறப்பிடமும் புலனாயிற்று.

மாணவச் செல்வங்களே! பகைவரின் குண்டைத் தேடியவர் கண்டது விண்மீனின் மரணத்தை. பொருந்தாத ஒரு பதிவை அவர்கள் அடித்துவிடாமல் வைத்திருந்ததே அதற்கு அடிப்படை. உங்கள் ஏட்டில் பொருந்தாத அளவு வந்தால், கண்டதைக் கண்டவாறே எழுதி, நாளும் நேரமும் குறித்து வையுங்கள். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடிக்க வந்தால், ‘மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கலாமா, ஐயா?’ என்று பணிவுடன் கேளுங்கள். என்னிடம் அன்று அவ்வாறு கேட்ட மாணவனுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.