இருப்புப் பாதையில் உத்தியோக ஏணி

உழைப்பவனுக்கு மாதச் சம்பளம் ஒரு கூலி. பதவி உயர்வு கிட்டும் என்னும் நம்பிக்கை மற்றொரு கூலி. முன்னது மாதக் கடைசியில் கைக்கு வருவது. பின்னது பல்லாண்டுகளுக்கு அப்பால் நிற்பது. ஆயினும் மனிதனை இன்று ஊக்கத்துடன் உழைக்கச் செய்வது அதுவே. இந்த இரண்டாவது கூலி நம் நாட்டு ரயில்வேயில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை, ரயில்வேச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் நிறைந்த நமது காலனியார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடிற்று. அதன்பின் நெடுங்காலம் மெயில் வண்டி டிரைவர், கார்டு, பெரிய நிலையங்களின் ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிய பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர் வசமே இருந்தன. அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியர் நிறுத்தப்பட்டனர். இந்தியர் கலாசியாகவும், பாயிண்ட்ஸ்மேனாகவும், குமாஸ்தாவாகவும் சேர்ந்தனர். மிகப் பலர் அவ்வளவிலேயே ஓய்வும் பெற்றனர்.

கடல் கடந்து வந்த டிரைவருக்குக் கப்பற் செலவும் உயர்ந்த சம்பளமும் தர வேண்டியிருந்தது. இந்தியரைப் பழக்கியிருந்தால் செலவு வெகுவாகக் குறைந்திருக்கும். லாபம் நாடும் கம்பெனிகள் அதனை விரைந்து செய்யாதது ஏன்? நிற பேதம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தொடக்கக் காலக் கம்பெனிகளின் மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும் எனச் சர்க்கார் உறுதி அளித்திருந்தது. வருமானம் குறைந்தால், குறைந்த தொகை இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது. ஆகவே பாரபட்சத்தின் செலவு லண்டன் பங்குதாரரைத் தொடவில்லை. வரி செலுத்திய குடியானவன் தலையில் விழுந்தது. தீங்கு செய்பவனுக்கு நஷ்டமில்லை என்றால் தீங்கு நீடிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அடைபட்டவர்கள் வாளா இருக்கவில்லை. 1899-இல் ஜி. ஐ. பி. ரயில்வேயின் சிக்னலர்கள் சம்பளம், வேலை நேரம் முதலிய குறைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். திலகரின் பத்திரிகைகள் அவர்களுக்காக வாதாடின. இறுதியில் 1950-இல் நமது அரசியலமைப்பின் 16-ஆம் விதி, அரசாங்க வேலையில் குடிமக்கள் யாவர்க்கும் சம வாய்ப்பு என முழங்கிற்று. ஆங்கிலோ இந்தியர்க்கு இருந்த தனி ஒதுக்கீடும் படிப்படியாகக் குறைந்து பத்தாண்டுகளில் முடிவுற்றது.

ஆனால் வெள்ளையர் அடைத்த கதவு திறந்ததும், நம்மவர்க்குள் நாமே அடைத்து வைத்திருந்த கதவு கண்ணுக்குத் தெரிந்தது. தாழ்த்தப்பட்டோர் கடைநிலை வேலைகளில் நிரம்பியிருந்தனர்; மேற்படிகளில் அரிதாகவே காணப்பட்டனர். பதவி உயர்விலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கி ரயில்வே போர்டு உத்தரவிட்டபோது, நமது தெற்கு ரயில்வேயிலிருந்தே அதனை எதிர்த்து வழக்கு எழுந்தது. ரங்காச்சாரி வழக்கு எனப்படும் அதில், 1961-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளுள் மூவர் ஒதுக்கீடு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்றனர், இருவர் மறுத்தனர். 1992-இல் அக்கோர்ட்டே பொருந்தாது எனத் தீர்ப்பளிக்க, 1995-இல் பார்லிமெண்ட் 77-ஆம் திருத்தத்தால் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அதனை மீட்டுத் தந்தது.

சீனியாரிட்டிப் பட்டியலில் தம் பெயரை மற்றொருவர் தாண்டிச் செல்லும்போது மனம் நோவது இயல்பே. அந்நோவை நாம் இகழவில்லை. ஆனால் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையும் முதற்படியிலேயே நின்ற குடும்பத்தின் நோவு அதனினும் பழையது. பிழைப்புத் தேடி வந்த ஊரில் "மதராசி" என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை நாமும் அறிவோம். அதனை அறிந்த நாம், ஆபீஸிலும் காலனியிலும் பிறரை எந்தச் சொல்லால் ஒதுக்குகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏணி எல்லார்க்கும் உரியதானால் உழைப்பும் எல்லாரிடத்தும் பெருகும்.