மறைத்தல் என்னும் புது வழக்கம்

வைகையின் மூல ஓடைகள் வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்கி ஒன்றுகூடி, மயிலாடும்பாறையைக் கடந்து வடக்கே வரும் வழியில் அமைந்த கடமலைக்குண்டு, ஆற்றோரத்தில் தென்னந்தோப்புகளையும் மலைச்சரிவுகளில் இலவமரங்களையும் ஜீவாதாரமாகக் கொண்ட ஊர். இவ்வூரிலும், இதைச் சூழ்ந்த கடமலை–மயிலை ஒன்றியத்துக் கிராமங்களிலும், ஸ்திரீகள் கூலி வேலைக்குப் போவது நேற்றுத் தோன்றிய நாகரிகமன்று. களை வெட்டவும், கதிர் அறுக்கவும், கோடையில் இலவங்காய் உடைத்துப் பஞ்சு பிரிக்கவும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். ஆகையால், மாதவிலக்கு நாட்களில் வேலைத்தலத்தில் ஒரு பெண் எவ்வாறு நடந்துகொள்வது, அதை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்னும் விவகாரத்துக்கும் இப்பிரதேசத்தில் நீண்டதொரு சரித்திரம் உண்டு. முற்காலத்தில் எல்லாம் மூடிக் கிடந்தது, இக்காலத்தில்தான் மெல்ல மெல்ல வாய் திறக்கிறது என்பது பலருடைய அபிப்பிராயம். எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. தீட்டு மிகப் பழையது. மறைப்போ வயதில் இளையது.

புறநானூற்றின் 299ஆம் பாடலில், நெய்யுணவு தின்று கொழுத்த குதிரைகள் போர்க்களத்தில் அஞ்சி ஒதுங்கி நின்ற காட்சியைச் சொல்ல வந்த பொன்முடியார், முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்களை உவமையாக எடுக்கிறார். கேட்பவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது ஊரறிந்த காட்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு புலவர் அதை யுத்தக் காட்சிக்கு உவமையாக்கத் துணிந்திருக்க மாட்டார். பின்னாளில் நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் இலக்கணத்தில் இதைவிட விசித்திரமான ஒரு துறை வருகிறது. தலைவன் பரத்தையர் சேரியில் தங்கிவிட, தலைவிக்குப் பூப்பு நேர்ந்ததை அவனுக்குத் தெரிவிக்கும்பொருட்டு, ஒரு சேடிக்குச் செவ்வணி அணிவித்து அனுப்புகிறார்கள். அவள் வாய் திறப்பதில்லை. சிவந்த கோலத்தோடு அந்த வீதிவழியே நடந்து போகிறாள். கண்டவர்கள் செய்தியைப் புரிந்துகொண்டு மனம் புழுங்குகிறார்கள். வாயால் சொல்லலாகாது என்ற நாகரிகமும், ஊருக்கே தெரியலாம் என்ற சகஜ பாவமும் ஒருங்கே அமைந்த இந்தச் சம்பிரதாயத்தை நினைக்கும்போது, பிற்காலத்தில் நாம் லஜ்ஜை என்று எண்ணிக்கொண்டது எத்தனை வேறுபட்டது என்று வியப்பு உண்டாகிறது.

கடமலைக்குண்டும் வருசநாடும் முன்னாளில் கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்தவை. ஜமீன்தார்கள் இராஜகம்பளத்து நாயக்கர் குலத்தினர். அந்தச் சமூகத்தாரிடமும் அவர்களைச் சூழ்ந்து வாழ்ந்த பலரிடமும் விலக்கு அனுஷ்டானம் கடுமையாகவே இருந்தது. பெண் பெரிய மனுஷியானால் தாய்மாமன் பச்சை ஓலை கொண்டு குச்சுக் கட்டுவதும், நாட்கள் கழிந்தபின் அதைப் பிரித்துக் கொளுத்துவதும் தெற்கத்திச் சீமையில் பலரும் அறிந்தவை. மாதாமாதம் வருவதற்கோ ஊருக்குப் புறத்தே தனி இடம். வருசநாட்டு மலைத்தொடரின் மறுபுறம், கிழக்கு அடிவாரத்தில் சாப்டூர் வட்டாரத்துக் கூவலப்புரத்திலும் அதை அடுத்த சில கிராமங்களிலும் ‘முட்டு வீடு’ என்ற பெயரில் அந்தத் தனி இடம் நம் காலம்வரை நின்று நிலைத்திருக்கிறது. அங்கே புழங்கும் பாத்திரங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, அங்கே தங்கியவள் தலை முழுகாமல் வாசற்படி ஏறுவதில்லை. இன்ன வீட்டு மருமகள் இன்று தூரம் என்பது தெருவிலே போகிறவனுக்கும் தெரியும். அந்தரங்கம் என்று ஒன்று அந்த ஏற்பாட்டில் இல்லவே இல்லை.

அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் விலக்கப்பட்டவளுக்கு அதனால் ஓய்வு கிடைத்தது என்று இதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமியாரும் ஓரகத்தியும் நிறைந்த சம்சாரி வீட்டில் அது ஓரளவு மெய்யாக இருக்கலாம். அன்றாடம் காய்ச்சியின் குடும்பத்தில் விலக்கு உண்டு, ஓய்வு கிடையாது. அன்றியும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் தேதி கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தனியே வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, அதன்மேல் தென்னை சாய்ந்து உயிர் விட்டாள். இதை அறிந்த பின்னும் பழைய வழக்கத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு: அந்த வழக்கம் பெண்ணை ஒதுக்கியது, ஆனால் பொய் சொல்லச் சொல்லவில்லை.

வயலிலும் அதே கதைதான். களையெடுக்கும் கூட்டம் முழுக்க முழுக்கப் பெண்கள் கூட்டம். காட்டுக்காரர் வரப்பிலே குடையோடு நிற்பார், அவ்வளவுதான். ஒருத்தி குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்தால், பக்கத்து நிரையில் இருப்பவள், “மதினி, நீ வரப்போரமா பாத்துக்கிட்டு வா, உன் நிரைய நான் சேத்துப் புடிக்கிறேன்” என்பாள். விஷயம் அதோடு தீர்ந்தது. சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் நிலைமை இதற்கும் ஒரு படி மேல். செருப்புக் கால் படக்கூடாது என்று காக்கப்படும் கொடிக்காலுக்குள் விலக்கான பெண் நுழைந்தால் கொடி கருகிவிடும் என்பது விவசாயிகளின் திடமான நம்பிக்கை. ஆகவே அங்கே மறைப்பதுதான் குற்றம், சொல்லுவதே கடமை. “இன்னிக்கு நான் உள்ள வரலைண்ணே” என்று ஒருத்தி சொன்னால் கொடிக்கால்காரர் காரணம் கேட்க மாட்டார். கூலியும் கொடுக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மறைப்பு எங்கே பிறந்தது என்று தேடினால், அது அந்நிய மேஸ்திரியின் முன்னிலையில் பிறந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே ஏறினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் விடியுமுன் ஜீப்புகள் மலையேறுகின்றன; ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டிய வண்டியில் அதைப்போல் இருமடங்குப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கி அமர்ந்து பிரயாணம் செய்கிறார்கள். ஏலக்காய், செடியின் தலையில் காய்ப்பதன்று; அடித்தூரிலிருந்து தரையோடு தரையாக நீளும் சரங்களில் காய்ப்பது. ஆகையால் பறிப்பவள் நாள் முழுவதும் ஈரத்தரையில் குந்தியோ அமர்ந்தோ நகர வேண்டும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், கால்களில் அட்டை ஏறாதபடி மருந்து. விலக்கான நாளில் இத்தனைக்கும் உள்ளே பழஞ்சேலைத் துணியை மடித்துக் கட்டியிருக்கிறாள் ஒருத்தி. மழையில் அது நனைந்து கனத்துத் தொடையை அறுக்கும். அதை மாற்ற மறைவிடம் தேட வேண்டும். தேடிப் போனால் கங்காணி, எங்கே போகிறாய் என்று பத்துப் பேர் கேட்கக் குரல் கொடுப்பார். திரும்பும் வண்டியிலோ, கறை பட்டுவிடுமோ என்ற கவலை ஒன்றே மனத்தை நிறைத்திருக்கும். இங்கேதான் “வயித்து வலி”, “தலை சுத்துது”, “காச்ச மாதிரி இருக்கு” என்னும் சமாதானங்கள் தலையெடுத்தன. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் அப்படியே வந்தது.

சட்டம் இதைக் கவனியாமல் விட்டுவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடங்கள் அமைப்பது முதலாளியின் பொறுப்பு என்று விதித்தது. 1981இல் திருத்தியபின் அது 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்கள் வரை இறங்கி வந்தது. ஆனால் ஏலச்சோலையோ துண்டு துண்டாகப் பல கைகளில் இருப்பது. ஆட்களோ ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவர்கள். அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்களை அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே இருப்பவர்களிடமும், மலைச்சரிவின் கடைசி மூலையில் காய் பறிப்பவளுக்கு லயத்தருகே கட்டிய கழிப்பறையால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் பதில் இராது.

மில்லின் கதை இன்னும் கசப்பானது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு அடைப்புள்ள தனிக் கழிப்பறை கட்டாயம் என்றது. அதைக் கட்டியும் வைத்தார்கள். ஆனால் நூற்பு இயந்திரம் நிற்பதில்லை. அதன் முன்னே நிற்பவள் நகர்ந்தால் இழை அறுந்து கிடக்கும். போய் வரும் நேரத்தை மேற்பார்வையாளர் கணக்கில் வைப்பார். திண்டுக்கல், தேனி, கோவைச் சீமைகளின் நூற்பாலைகள் பல, மூன்று வருஷ ஒப்பந்தமும் முடிவில் திரள்பணமும் பேசி, கிராமத்துக் கன்னிப்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ அண்மைக்காலத்துச் சங்கதி. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத்தொழிலில் சுமார் 100 பெண்களை விசாரித்தபோது, மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்குப் பெயரும் குறிப்பும் இல்லாத மாத்திரைகளை வேலைத்தலத்திலேயே கொடுத்து மறுபடி இயந்திரத்தின் முன் நிறுத்தியது வெளிப்பட்டது. தேகநலம் கெட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினார்கள். அந்தப் பெண்கள் மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொன்னதற்குக் கிடைத்த மறுமொழி ஒரு மாத்திரை.

கடைவீதியின் மறைப்பு தனி ரகம். சானிட்டரி நாப்கினைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அதைச் செய்தித்தாளில் சுருட்டிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சங்கோசம் என்று நினைக்க வேண்டாம். 1920ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கோட்டெக்ஸ் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தபோது, பெண்கள் கடைக்காரனிடம் வாய் திறக்கக் கூசியதால், பொட்டலங்களை மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் உண்டியல் ஒன்றை வைத்துக் காசைப் போட்டுவிட்டு எடுத்துப் போகச் செய்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது கறுப்புப் பை போயிற்று, செய்தித்தாள் போகவில்லை. கிராமத்து வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் ‘புது யுகம்’ திட்டத்தை அரசு தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது; பள்ளிக்கூடத்தில் வகுப்பறையிலேயே வாங்கிக்கொண்டவள் கடைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றபடியே விற்பனை செய்யும் பெண்கள் உள்ளிட்ட கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் சட்டசபை சட்டம் செய்தது நல்ல காரியம். விவாதங்களில் முதுகுவலியும் கால்வலியும் அடிபட்டன. மற்றது யாவரும் அறிந்ததாயினும் பிரஸ்தாபத்துக்கு அதிகமாக வரவில்லை.

மாதவிலக்கு விடுப்பு என்னும் யோசனை புதிதென்று நினைப்பவர்கள் அக்காலத்தில் நமக்கு அண்டைச் சமஸ்தானமாக இருந்த கொச்சியைப் பார்க்கலாம். 1912இல் திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளியில், ஆசிரியைகளும் மாணவிகளும் விலக்கு நாட்களில் வருவதில்லை, ஆண்டுத் தேர்வு தடைப்படுகிறது என்று தலைமையாசிரியரே மேலதிகாரிக்கு எழுத, விடுப்பும் பிறகு தேர்வெழுதும் சலுகையும் அனுமதிக்கப்பட்டன. ஆண் உத்தியோகஸ்தர்கள் கடிதத்தில் சங்கோசமின்றிப் பேசிக்கொண்ட விஷயம் இது. ஜப்பானில் 1920களின் இறுதியில் டோக்கியோ பஸ் கண்டக்டர் பெண்கள் வழியில் கழிப்பறை இல்லாததால் இந்த விடுப்பைக் கேட்டார்கள். 1947இல் அது தேசச் சட்டமாயிற்று. பீகாரில் 1992 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விடுப்பைக் கட்டாயமாக்கினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கலாம் என்று சொல்லி, விஷயத்தை அரசின் கொள்கை முடிவுக்கு விட்டது. கர்நாடகம் 2025இல் தனியார் நிறுவனங்களையும் உட்படுத்தி வருஷத்துக்கு 12 நாள் என்று முடிவு செய்தது. ஆனால் விடுப்புக்கு முதலில் மாதச் சம்பளம் வேண்டும். ஏலக்காய்க்கு ஏறும் பெண்ணுக்கும், பஞ்சுக் கிட்டங்கியில் இலவங்காய் உடைப்பவளுக்கும், வராத நாள் சம்பளமில்லாத நாள். அவர்களைப் பொறுத்தவரை விடுப்பு எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது, கூலி இல்லாமல்.

அதே பெண்கள் 2005ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டப்படி நூறு நாள் வேலைக்கு வந்தபோது ஒரு மாறுதலைக் கண்டார்கள். கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்வெட்டி பிடித்தவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். வருகைப்பதிவு எடுத்த பணித்தளப் பொறுப்பாளரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். அங்கே “அக்கா, எனக்கு இன்னிக்கு முடியல” என்றால் போதும். வேம்படியில் உட்காரவைத்துவிட்டு, அவள் பங்கு மண்ணையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள், ஏனெனில் சாயங்காலம் அளவெடுப்பது குழியைத்தான். பழைய களைவெட்டுக் கூட்டத்தின் தாராளம் அரசாங்க வேலையில் திரும்பி வந்தது என்று சொன்னால் பிழையில்லை. ஆயினும் வேலைத்தலத்தில் இருக்க வேண்டியவை என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை குடிநீரையும், குழந்தைகளுக்கு நிழலையும், முதலுதவிப் பெட்டியையும் எழுதியது, கழிப்பறையை எழுதவில்லை. துணி மாற்ற வேண்டியவள் கரைக்கு அப்பால் கருவேலம் புதருக்குத்தான் போனாள், துணைக்கு ஒருத்தியை அழைத்துக்கொண்டு.