அச்சில் ஏறிய ஒளி – 17: போலீஸ் கேமரா பார்த்த உடல்கள்

1961-ல் லண்டனின் பாட்லி ஹெட் பதிப்பகம் 'பெர்ஸ்பெக்டிவ் ஆஃப் நியூட்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. உள்ளே 90 கறுப்பு வெள்ளைப் படங்கள். அத்தனையும் ஆடையற்ற உடல்கள். எடுத்தவர் பில் பிராண்ட். கிளுகிளுப்பை எதிர்பார்த்து யாராவது அதை வாங்கியிருந்தால் போட்ட காசு நஷ்டம்தான். பாதிப் புத்தகத்துக்கு மேல், பார்ப்பது முழங்காலா, தோளா, கடலோரப் பாறையா என்று பிடிபடவே சற்று நேரம் ஆகும்.

நிர்வாணப் படங்களைத் தொகுத்து வைப்பது அதற்கு நூறாண்டு முன்பே தொடங்கிய வழக்கம். ஆனால் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. 1854-ல் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா, யூஜின் துரியூ என்பவரைக் கொண்டு மாடல்களைப் படமெடுக்க வைத்து ஒரு ஆல்பம் சேர்த்தார். அதைப் பார்த்துக் கோட்டோவியப் பயிற்சி செய்வதற்காக என்பது காரணம். பாரீஸ் கடைகளில் 'ஓவியர்களுக்கான மாதிரி' என்ற பெயரில் விற்ற படங்களை வாங்கியவர்கள் எல்லாரும் தூரிகை பிடித்தவர்களா என்று யாரும் கேட்கவில்லை. சென்ற வாரம் பார்த்த போட்டோகிராபர் மைபிரிட்ஜுக்கு அறிவியல் கைகொடுத்தது. 1887-ல் வந்த அவருடைய 781 தகடுகளில் மனிதர்கள் துணியில்லாமல் நடந்தார்கள், படியேறினார்கள், வாளி தூக்கினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பின்னால் நின்றதால் அது ஆராய்ச்சி ஆயிற்று. பிராண்டின் புத்தகத்தில் இப்படிப்பட்ட சாக்கு எதுவும் கிடையாது. படங்களும் அவற்றின் வரிசையும்தான்.

இந்த மனிதர் யார்? கேட்டால், தெற்கு லண்டனில் பிறந்தவன் என்பார். உண்மையில் அவர் பிறந்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், 1904-ல். தந்தை பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பள்ளியில் சிறுவன் பிராண்ட் சக மாணவர்களின் வசவுக்கு ஆளானான். இளமையில் காசநோய் வந்து சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மருத்துவ இல்லத்தில் நீண்ட காலம் கிடந்தார். அங்கிருந்து வியன்னா, பிறகு பாரீஸ். 1930-ல் போட்டோகிராபர் மேன் ரேயின் ஸ்டுடியோவில் சில மாதங்கள் உதவியாளராக இருந்தார். கனவுபோன்ற விசித்திரக் காட்சிகளைக் கொண்டாடிய சர்ரியலிசம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1934-ல் லண்டனில் குடியேறியதும் தன்னை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிக்கொண்டார். ஜெர்மன் பிறப்பைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

அந்நியனாக வந்தவர் என்பதாலோ என்னவோ, ஆங்கிலேயர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். 1936-ல் 'தி இங்கிலிஷ் அட் ஹோம்', 1938-ல் 'எ நைட் இன் லண்டன்' என்று இரண்டு புத்தகங்கள் வந்தன. சீமான்களின் சாப்பாட்டு மேசை, சுரங்கத் தொழிலாளியின் அடுப்படி எல்லாம் அவற்றில் உண்டு. இரவு லண்டன் படங்களில் சில காட்சிகளுக்குத் தம்பி ரோல்ஃபையும் உறவினர்களையுமே நிற்க வைத்து எடுத்தார். நடந்ததை அப்படியே பதிவுசெய்கிறேன் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது வியப்பாக இருக்காது.

போர் வந்தது. 1940-ல் அரசுக்காகச் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய மக்களைப் படமெடுத்தார். அதே காட்சிகளை அதே நாட்களில் சிற்பி ஹென்றி மூர் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார். விளக்கணைப்பு உத்தரவால் லண்டன் தெருக்கள் நிலா வெளிச்சத்தில் மட்டும் தெரிந்தபோது, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து அவற்றையும் பிடித்தார். போர் முடிந்தபோது செய்தித்தனமான படங்கள் அவருக்குச் சலித்துப் போயின. எல்லாரும் அதையே எடுக்கிறார்கள் என்று நினைத்தார்.

இடையில் ஒரு சினிமா அவரை ஆட்டிவைத்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்'. 1941-ல் வந்த படம். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அதில் முன்னால் இருப்பவரையும் அறையின் கடைக்கோடியில் இருப்பவரையும் ஒரே கூர்மையில் காட்டினார். கூரையும் சட்டகத்துக்குள் வந்தது. அப்படி ஒரு லென்ஸ் கிடைக்காதா என்று பிராண்ட் தேடினார்.

லண்டன் கோவன்ட் கார்டன் அருகே ஒரு பழைய பொருள் கடையில் கிடைத்தது. மரப்பெட்டியில் பித்தளை வேலைப்பாடு கொண்ட ஒரு பழைய கோடாக் கேமரா. கொலை, கொள்ளை நடந்த அறைகளைப் பதிவுசெய்யப் போலீஸ்காரர்கள் பயன்படுத்திய வகை. குற்றம் நடந்த இடத்தில் எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்பது ஒரே படத்தில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக வைட் ஆங்கிள் லென்ஸ், ஊசித்துளைபோன்ற சின்னத் திறப்பு. போட்டோகிராபரின் திறமையை நம்பாமல் யார் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்ட பெட்டி.

இதை வைத்து எப்படிப் படமெடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும். ஷட்டர் கிடையாது. லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் எண்ணி, திரும்ப மூட வேண்டும். அதுவரை மாடல் அசையக் கூடாது. திறப்பு அவ்வளவு சிறியது என்பதால் பின்பக்கக் கண்ணாடியில் விழும் பிம்பம் மங்கல். ஏறக்குறையக் குருட்டாம்போக்கில்தான் எடுக்க வேண்டும். நெகட்டிவைக் கழுவிப் பார்க்கும்போதுதான் என்ன விழுந்திருக்கிறது என்பது படமெடுத்தவருக்கே தெரியவரும். அகலமாகப் பார்க்கும் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை வெகுதூரம் தள்ளிவிடும். ஆகவே நீட்டிய கால் ஒன்று அறையின் பாதியை அடைத்துக்கொள்ளும். அந்தக் காலுக்குரிய தலையோ மறுகோடியில் எலுமிச்சம்பழ அளவில் கிடக்கும். கதவும் ஜன்னலும் உயர்ந்து கோயில் வாசல்போல் ஆகிவிடும். பிராண்ட் இதைத் திருத்த முயலவில்லை. தன் கண்ணை ஓரம் கட்டிவிட்டு, கேமரா காண்பதை அதன் போக்கிலேயே எடுக்க விட்டேன் என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். பணிவுபோலத் தோன்றும் இந்தப் பேச்சை நான் முழுதாக நம்பவில்லை. பெட்டியை எங்கே வைப்பது, யாரை எங்கே உட்காரச் சொல்வது என்பதைப் பெட்டியா முடிவுசெய்தது?

1945-லிருந்து பதினைந்து ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. பிழைப்புக்குப் பத்திரிகைகளில் எழுத்தாளர் உருவப்படங்களும் நிலக்காட்சிகளும் எடுத்தார். நிர்வாணப் படங்கள் அவருக்காக அவரே எடுத்துக்கொண்டவை. ஆரம்பத்தில் ஹாம்ப்ஸ்டெட், கேம்ப்டன் ஹில் பகுதிகளின் பழைய வீடுகள். உயரமான கூரை, கனத்த மர நாற்காலிகள், யாரோ வெளியேறிப் போனதுபோன்ற அறை. மெல்ல கேமரா உடலை நெருங்கியது. 1950-களில் அறையை விட்டே வெளியேறி, கிழக்கு சசெக்ஸ் கரைக்கும் பிரான்சின் நார்மண்டிக் கரைக்கும் போனார்.

சசெக்ஸ் கரையில் எடுத்த ஒரு படம். கூழாங்கல் பரந்த கடற்கரை, பின்னால் கடல், அதற்கு மேல் வானம். முன்னால் சட்டகத்தை அடைத்துக்கொண்டு ஒரு காது. காது மட்டும். மடல்களின் வளைவுகள் பாறையில் அலை அரித்த குகைகளாகத் தெரிகின்றன. முகம் எங்கே, பெண் எங்கே என்று தேடினால் கிடைக்காது. இன்னொன்றில் பின்னிய விரல்கள் கடலோரக் கற்களோடு கற்களாகக் கிடக்கின்றன. ஹென்றி மூரின் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவங்கள் புதிதாக இருக்காது.

இந்தப் படங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பல வெறும் வித்தையாகத் தோன்றலாம். புத்தகம்தான் அவற்றுக்கு அர்த்தம் கொடுத்தது. அறையில் தொடங்கி, முகங்களைக் கடந்து, அங்கங்களுக்குள் புகுந்து, கடைசியில் கரையில் கல்லாக முடிகிற பயணம். பக்கம் புரளப் புரளப் பெண் மறைந்து வடிவம் மிஞ்சுகிறது. முன்னுரை எழுதியவர், 'அலெக்சாண்ட்ரியா குவார்டெட்' நாவல்களால் அப்போது புகழின் உச்சியில் இருந்த லாரன்ஸ் டரல். நம் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்தவர். அவரும் பிராண்டைப் பளிங்குக் கல் முன் நிற்கும் சிற்பிக்குத்தான் ஒப்பிட்டார்.

வெளியான நேரமும் வாகானது. பிரிட்டனில் 1959-ல் வந்த ஆபாச வெளியீடுகள் சட்டம், கலை மதிப்பை எதிர்வாதமாக முன்வைக்க முதன்முறையாக இடம் கொடுத்தது. 1960 நவம்பரில் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலைப் பதிப்பித்த பெங்குவின் நிறுவனம் அந்தச் சட்டத்தின் கீழ் விடுதலையானது. அடுத்த ஆண்டு பிராண்டின் புத்தகம்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. படங்களின் கீழே ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. பெண்ணின் பெயர் இல்லை. பதினைந்து ஆண்டுகள் மூச்சடக்கி அசையாமல் இருந்து கொடுத்தவர்கள் அவர்கள். சுரங்கத் தொழிலாளியைப் படமெடுத்தபோதும் பெயர் போடாதவர்தான், அந்தக் காலத்து வழக்கமும் அதுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

பிராண்ட் ஓயவில்லை. இருட்டறையில் பழைய நெகட்டிவ்களை மறுபடி எடுத்து, சாம்பல் நிறங்களை அழித்து, கரிய கறுப்பும் வெளேர் வெள்ளையுமாகப் புதிதாக அச்சிட்டார். 1969-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தது. எழுபது வயதைத் தாண்டி மறுபடி மாடல்களை அழைத்தார். அந்தப் படங்களையும் சேர்த்து 1980-ல் 'நியூட்ஸ் 1945–1980' வந்தது. கடைசிக் காலப் படங்களில் பழைய நிதானம் இல்லை. கட்டிப்போட்ட உடல்கள், இறுக்கமான முகங்கள். இவற்றைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம் என்பதே என் கருத்து. 1983 டிசம்பரில் லண்டனில் காலமானார்.

இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் 1961 புத்தகத்தையே சொல்வேன். நூலகத்தில் கிடைத்தால் நடுவில் பிரிக்காதீர்கள். முதல் பக்கத்து அறையிலிருந்து வரிசையாகப் போங்கள். அடுத்த வாரம், புத்தகம் போடும் எண்ணமே இல்லாமல் செத்துப்போன ஒரு நியூ ஆர்லியன்ஸ் போட்டோகிராபரின் கண்ணாடி நெகட்டிவ்கள்.